வரிசையின் கடைசி ஆள்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு சேன்-கொர்னேய் ஊரின் மாதா கோயில் கூடத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். விறகு அடுப்புக்கு மிக அருகில் பனிநடைச் சங்கத்தின் தலைவர் ஒனெசிம். அவருக்கு இடப்பக்கம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். சன்னலை ஒட்டி, யார் எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டும் சகோதரர்கள் இருவர். கதவோரப் பெஞ்சில் எழுபத்து நான்கு வயது டெல்ஃபீன் அம்மாள். அவருக்குப் பக்கத்தில், பெஞ்சின் மிச்சம் முழுவதையும் அடைத்துக்கொண்டு, ரொசேர் துலாக்.

ரொசேர் விரும்பி வந்தவர் அல்ல. பத்தொன்பது வருடமாக ஏழாம் நம்பர் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டியவர். டிசம்பரில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் பொமெர்லோ அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு குழாயைக் கழற்றிவிட்டு அவர் வயிற்றைப் பார்த்தார்.

"இதயம் கெட்டுப்போகல ரொசேர். சோம்பேறியாயிடுச்சு. மார்ச் மூணாம் தேதி வாங்க. இந்த ஸ்டூல்ல மூணு நிமிஷம் ஏறி இறங்கணும். மூச்சு நின்னா பஸ் கிடையாது."

"மூச்சு நின்னா எனக்கு பஸ் எதுக்கு டாக்டர்?"

"ஏறி இறங்கிட்டா கல்வி போர்டுக்கு நானே கடிதம் தரேன். அதுவரைக்கும் வாரம் ரெண்டு நாள் பனிமட்டை கட்டி நடங்க. முன்னால நடங்க, புரியுதா? அடுத்தவன் போட்ட தடத்துல நடக்கறது, அடுத்தவன் சாப்பிட்டதுக்கு நாம ஏப்பம் விடற மாதிரி."

பனிமட்டை என்பது டென்னிஸ் மட்டைக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். வளைத்த மரச்சட்டம், நடுவே தோல்வார்ப் பின்னல். காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டால், இடுப்புவரை புதைய வேண்டிய ஆள் கணுக்காலோடு தப்பிக்கலாம். ஆனால் வரிசையில் முதலில் போகிறவர் புதுப்பனியை மிதித்து மிதித்துத் தடம் போட வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் இடுப்புக்கு வரும். அதனால் சங்கத்தில் ஒரு வழக்கம். நூற்றைம்பது அடி போட்டதும் முதல் ஆள் ஒன்றும் சொல்லாமல் ஓரமாக ஒதுங்குவார். எல்லோரும் கடந்ததும் கடைசியில் சேர்ந்துகொள்வார். அடுத்தவர் முதல் ஆளாவார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் மரியாதைக் குறைவு.

இந்த மரியாதைதான் தன்னைக் காப்பாற்றப் போகிறது என்று ரொசேர் முதல் நாளே கண்டுகொண்டார்.

தன் முறை வருவதற்கு ஒருவர் மிச்சம் இருக்கும்போது குனிந்தார். பனிமட்டை வாரை அவிழ்த்தார். எல்லோரும் கடந்து போகும்வரை மெதுவாகக் கட்டினார். பிறகு கடைசியில் சேர்ந்துகொண்டார். மற்றவர்கள் போட்ட தடம் கல்லுரோடு மாதிரி இறுகிக் கிடந்தது. சுகமாக இருந்தது.

மூன்றாவது நாள் ஒனெசிம் திரும்பி வந்து அவர் தலைக்கு மேலே நின்றார்.

"என்ன ரொசேரு, வாரா அது, விலாங்கு மீனா? கட்டக் கட்ட நழுவுது."

"பழைய வார். நைஞ்சு போச்சு."

"நம்மகிட்ட புதுசு இருக்கு. கொக்கி வச்சது. இந்தா, வண்டியையே கட்டி இழுக்கலாம்."

கொக்கி வாரில் அவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அன்று இரவு முழுக்க யோசித்து, அடுத்த வியாழன் காலை ரொசேர் கூடத்தில் எழுந்து நின்றார்.

"வயசானவங்க வர்ற சங்கம். யாராவது பின்தங்கிட்டா யாருக்குத் தெரியும்? கடைசி ஆளா நிரந்தரமா ஒருத்தர் வேணும். நான் இருக்கேன்."

மருந்துக்கடைக்காரர் மனைவிக்குக் கண் கலங்கியது. சகோதரர்கள் தலையை ஆட்டினார்கள். ஒனெசிம் உள்ளே போய் ஒரு மூட்டையோடு வந்தார்.

"ரொம்ப வருஷமா ஆள் கிடைக்காம இருந்த பதவிப்பா இது. கடைசி ஆள்தான் மூட்டை தூக்கணும். கோடாரி, கயிறு, ரெண்டு கம்பளி, பட்டாணி சூப் கெட்டில். சட்டப்படி ஒன்பது கிலோ. இன்னொன்னு, உனக்கு முன்னால நடக்கறவங்களை நீ தாண்டிப் போகக்கூடாது. உயிரே போனாலும்."

"யாரோட உயிரு?"

"அது சட்டத்துல இல்ல."

அவருக்கு முன்னால் நடந்தவர், வயதால் தடம் போடும் முறை இல்லாத டெல்ஃபீன் அம்மாள்.

அந்த அம்மாளின் நடை நடையே அல்ல. நாலு அடி வைப்பார், நிற்பார். பிர்ச் மரத்தைப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். மற்ற ஐந்து பேரும் மேட்டின் வளைவில் மறைந்துவிட்டார்கள். ஒன்பது கிலோவோடு நின்றுகொண்டிருப்பது நடப்பதைவிடக் கொடுமை என்று ரொசேருக்குப் புரிந்தது.

"அம்மா, உங்க பையைக் குடுங்க. கொஞ்சம் வேகமா போலாம்."

"உங்களுக்கு ஏன் தம்பி சிரமம்," என்று சொல்லிக்கொண்டே அம்மாள் பையைக் கழற்றித் தந்துவிட்டார். வாங்கியதும் ரொசேரின் தோள் கீழே இறங்கியது.

"என்ன இருக்கு இதுல?"

"ஜாம் பாட்டில். யாராவது கேட்டா குடுக்கலாம்னு."

"காட்டுக்குள்ள யாரு கேக்கப் போறா?"

"கேட்டா குடுக்கணும் இல்லையா?"

இரண்டு மூட்டைகளோடு போகும்போது காற்று கிளம்பியது. பொடிப்பனி பறந்து வந்து, முன்னே போனவர்கள் போட்ட தடத்தைத் துடைத்துவிட்டது. எதிரே ஒரே வெள்ளை. அம்மாள் ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"இனிமே என்னால ஆகாது தம்பி. நீங்க முன்னால போங்க. உங்க தடத்துல நான் வரேன்."

சட்டம் என்ன சொல்கிறது என்று ரொசேர் யோசித்தார். குளிரில் சட்டம் நினைவுக்கு வரவில்லை. முன்னால் போனார். முழங்கால் இடுப்புக்கு வந்தது. பதினாறு கிலோ முதுகில். அரைமணி நேரம் நடந்த பிறகு பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"தம்பி, என் கையுறை ஒண்ணைக் காணோம். அந்தப் பாறைகிட்ட விட்டுட்டேன் போல."

பாறை ஒரு கிலோமீட்டர் பின்னால் இருந்தது.

வீட்டுக்கு வந்து பூட்ஸோடு நாற்காலியில் விழுந்தவரை மனைவி உகெத் ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடைசியில நடக்கறது சுகமா இருக்குன்னு போன வாரம் சொன்னீங்களே."

"சுகம்தான். சூப்பைக் கொண்டா."

"பேன்ட் நழுவுது, புடிச்சுக்குங்க."

பிப்ரவரி முழுக்க இப்படியே போனது. ஒருநாள் அம்மாளுக்கு முழங்கால் வலி; கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி அவரை இழுத்துக்கொண்டு மேடு ஏறினார். இன்னொரு நாள் அவர் தப்பான பாதையில் திரும்பிவிட, தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார். சாலையைக் கடக்கும் இடத்தில் ஏழாம் நம்பர் பஸ் எதிர்ப்படும். நோர்மான் என்ற மாற்று டிரைவர் இரண்டாவது கியர் போடும்போது பஸ் அழும். அதைக் கேட்டதும் ரொசேரின் இடதுகால் பனிமட்டையோடு கிளட்சை மிதிக்கும். டாக்டர் சொன்னபடி அவர் ஒருநாள்கூட வரிசையின் முன்னால் நடக்கவில்லை. மார்ச் மூன்று வந்தால் ஸ்டூல் சொல்லிவிடும். பஸ் போய்விடும்.

கடைசியில் பொறுக்க மாட்டாமல் ஒனெசிமிடம் போனார்.

"அந்த அம்மாவைப் பார்த்தா பாவமா இருக்கு. பனிக்காலம் முடியற வரைக்கும் வீட்டுல அடுப்புகிட்ட இருக்கச் சொல்லுங்களேன். நான் முன்வரிசையில நடந்தாகணும்."

"நீயே சொல்லு. உன் ஆளு அவங்க."

ரொசேர் சொன்னார். முடிந்தவரை மென்மையாகத்தான் சொன்னார். டெல்ஃபீன் அம்மாள் கோபப்படவில்லை. கையுறைகளைக் கழற்றி மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

"சரி தம்பி. மேட்டுக்கு அந்தப்பக்கம் எங்க வீடு ஒண்ணுதான் இருக்கு. செவ்வாயும் வியாழனும் நாலு முகத்தைப் பார்ப்பேன். பரவாயில்ல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ரொசேருக்குத் தன் நாக்கைக் கடித்துத் துப்ப வேண்டும்போல் இருந்தது.

"நான் அப்படிச் சொல்ல வரலம்மா. அவ்வளவு தூரம் தனியா வராதீங்கன்னு சொன்னேன். இனிமே நானே வந்து கூட்டிட்டு வரேன். நானே கொண்டுவந்தும் விடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் கணக்கு உறைத்தது. மேடு ஏறி இறங்கி அந்த வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். போக, வர, மறுபடி போக, வர. அந்தப் பக்கம் வேறு யாரும் நடப்பதில்லையாதலால் தடம் முழுக்க அவர் போட்டதுதான்.

மார்ச் மூன்றாம் தேதி டாக்டர் பொமெர்லோ ஸ்டூலைக் காலால் நகர்த்திப் போட்டார். ரொசேர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு ஏறினார். இறங்கினார். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு ஆனது. மூச்சு நிற்பதற்காகக் காத்திருந்தார். அது நிற்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் சன்னல் வழியே ஏழாம் நம்பர் பஸ் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னொரு நிமிடமும் ஏறி இறங்கினார்.

"போதும் ரொசேர், ஸ்டூல் தேயுது." டாக்டர் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். எடை பார்த்தார். பதினொரு கிலோ குறைவு. "முன்னாலதானே நடந்தீங்க?"

ரொசேர் தொப்பியைக் கையில் சுற்றினார். உண்மையைச் சொல்ல வாய் திறந்தார். டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது. சன்னல் பக்கம் திரும்பி நின்று வெகுநேரம் இருமினார். பிறகு உட்கார்ந்து, கல்வி போர்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வீட்டில் உகெத் பெரிய சர்க்கரைப் பணியாரம் ஒன்றைப் பாதி வெட்டித் தட்டில் வைத்தாள். ரொசேர் தொடவில்லை. பேனாவும் காகிதமும் கேட்டார்.

"நன்றி சொல்லாம சாப்பிட முடியல."

எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் நின்றது இது:

'மதிப்புக்குரிய டாக்டர் அவர்களுக்கு. நீங்கள் சொன்னபடி நான் ஒருநாளும் வரிசையில் முதலில் நடக்கவில்லை. கடைசியில்தான் நடந்தேன். ஸ்டூலில் நான் ஏறி இறங்கியதற்குக் காரணம் என் முயற்சி அல்ல. டெல்ஃபீன் கொவ்ரோ அம்மாள் என்ற முடியாத பெரியவர். அவருக்காக நடந்ததில் என் இதயம் தானாகச் சரியாகிவிட்டது. என் பஸ் அவர் போட்ட பிச்சை. ஆகவே ஒரு வேண்டுகோள். அவரால் நாலு அடி சேர்ந்தாற்போல் நடக்க முடியவில்லை. தயவுசெய்து அவர் நெஞ்சை ஒருமுறை பார்க்கவும். கட்டணம் எதுவானாலும் என் பெயரில் இருக்கட்டும். பஸ் கிடைத்த பிறகும் சனிக்கிழமைகளில் நானே போய் அவரை நடத்திக் கூட்டி வருவேன். அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை. நன்றியுடன், ரொசேர் துலாக்.'

உகெத் வாங்கிப் படித்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு உறையை எடுத்துக் கொடுத்தாள்.

தபால் அலுவலகத்தில் அப்போது கூட்டம் இல்லை. தபால்காரம்மா கார்மேல் கம்பளிச் சால்வையோடு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ரொசேர் கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்தினார். கல்வி போர்டுக்கு ஒன்று, டாக்டருக்கு ஒன்று. கார்மேல் இரண்டிலும் முத்திரை குத்தினாள். விலாசத்தைப் பார்த்துக்கொண்டே தபால் பைக்குள் போட்டு அதன் வாயைக் கட்டினாள்.

"இதுவும் பொமெர்லோ டாக்டருக்கா? டெல்ஃபீன் அம்மாவும் வாரா வாரம் அவருக்குத்தான் கடிதம் போடுவாங்க, நீங்க அவங்களை வீட்டுல விட்டுட்டு ஊர் திரும்பறதுக்கு முன்னாடியே குறுக்கு வழியா மேடு தாண்டி இங்க வந்து போட்டுட்டுப் போயிடுவாங்க. 'ரொசேர் தேறிட்டாரு, இனிமே என் வேகத்துலயே நடக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு கார்மேல்'னு இன்னைக்கு அவங்களுக்கு ஒரே சந்தோஷம்."