மேசைக்கு வந்த கொப்புளம்

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம், மேசையும் சுகம். அங்கே நீங்களும் அண்ணாவும் திடமாக இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில்தான் மேலே எழுதுகிறேன். “மேசை எப்படி இருக்கிறது?” என்று நீங்கள் ஒரே வரியில் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் இல்லை. இன்றைக்கு இருக்கிறது.

நீங்கள் படித்துப் பட்டம் வாங்கிய மேசை. கொடுக்கும்போதே, “பத்திரமா வச்சுக்கோ. முடியலன்னா கூச்சப்படாம சொல்லு, வண்டி வச்சு எடுத்துக்கறேன்” என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து வாசலில் எந்த வண்டி நின்றாலும் நான் ஜன்னலுக்கு ஓடுவேன். பாப்பா வேறு, அந்த மேசை மேல் உட்கார்ந்தால்தான் சோற்றுக்கு வாயைத் திறப்பாள். அப்படிப்பட்ட மேசையில் கொதிக்கக் கொதிக்கப் பால் பாத்திரத்தை வைத்து வட்டமாக வெள்ளைத் தழும்பு வரவைத்தது யார் என்று கேட்காதீர்கள், நான்தான். ஆசாரியைக் கூப்பிட்டால் உங்கள் காதுக்கு வந்துவிடும் என்று நானே உப்புத்தாள் வாங்கி, பழைய வார்னிஷை ஒட்டச் சுரண்டி, பாப்பாவுக்கு வாடை ஆகாது என்று அவளை எதிர்வீட்டு டீச்சர் வீட்டில் விட்டு, டப்பாவில் இருந்த எழுத்தை மூன்று தடவை படித்து, புது வார்னிஷ் அடித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் மேசை முழுக்கப் பொடிப்பொடியாகக் கொப்புளம். உங்கள் தம்பி எட்டிப் பார்த்து, “அம்மையா?” என்று கேட்டுவிட்டு ஆபீஸ் போய்விட்டார்.

பெயின்ட் கடைக்காரருக்குப் போன் போட்டேன். எப்போதிலிருந்து, எங்கெல்லாம், அரிப்பு மாதிரி சொரசொரப்பு உண்டா, எல்லாம் ஒரு டாக்டர் மாதிரி விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்:

“டப்பாவக் குலுக்குனீங்களாம்மா?”

“நல்லாக் குலுக்கினேன். குலுக்காம எப்படிங்க குடுக்கறது?”

பிறகு பொறுமையாகச் சொன்னார்: குலுக்கினால் காற்றுக் குமிழி உள்ளே போய்விடுமாம், அதுதான் கொப்புளம், குச்சியை விட்டு மெதுவாகக் கலக்க வேண்டுமாம். அண்ணி, பாப்பா பிறந்து ஒன்றரை வருஷத்தில் இந்த வீட்டுக்குள் வந்த எந்த மருந்துப் புட்டியையும் நான் குலுக்காமல் திறந்ததில்லை. பழக்கதோஷம். சரி, கொப்புளத்தையெல்லாம் தேய்த்தெடுத்து, குச்சியால் கலக்கி, இரண்டாம் தடவை அடித்தேன். சீக்கிரம் காயட்டுமே என்று மின்விசிறியைப் போட்டேன் பாருங்கள், வீட்டில் இருந்த தூசி மொத்தமும் மேசையில் வந்து குடியேறியது. நட்டநடுவில் உங்கள் தம்பியின் தலைமுடி ஒன்று. அவரிடம் இருப்பதே எண்ணிச் சொல்லக்கூடிய அளவு, அதிலும் ஒன்று. போதாக்குறைக்கு, காய்ச்சல் விட்டதா என்று நெற்றியைத் தொடுகிற மாதிரி மணிக்கொருதரம் நான் தொட்டுப் பார்த்ததில் ஓரமெல்லாம் என் கைரேகை.

மூன்றாம் தடவை விசிறி இல்லை, குலுக்கல் இல்லை, தொட்டுப் பார்க்கிற வேலை இல்லை. எல்லாவற்றையும் திரும்பத் தேய்த்தெடுத்து, ஈரத்துணியால் தூசியைத் துடைத்து, காயவிட்டு, மரத்தின் ரேகை போகிற பக்கமாக மெல்லிசாக ஒரு பூச்சு, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். இன்றோடு மூன்று நாள். அண்ணி, நீங்கள் பார்க்க வேண்டும். டியூப்லைட் வளையாமல் நெளியாமல் அதில் தெரிகிறது. உங்கள் தம்பி இன்று காலை அதில் பார்த்துத்தான் மிச்ச முடியை வாரினார். கடைக்காரர் ஒரு வாரத்துக்கு மேலே எதையும் வைக்காதீர்கள் என்றார்தான். மருந்தை ஐந்து நாளும் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஆனால் நோயாளி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மூன்று நாள் போதாதா? இந்தக் கடிதத்தையே அந்த மேசை மேல் வைத்துத்தான் எழுதுகிறேன். முதல் தாளை எழுதிக் கவிழ்த்து வைத்தாயிற்று, இது இரண்டாவது தாள். முடித்ததும் பாப்பாவைத் தூக்கி மேசையில் உட்காரவைத்துச் சோறு ஊட்டப் போகிறேன். ஆகவே அண்ணி, வண்டி எதுவும் பேச வேண்டாம். மேசை இங்கேயே நன்றாக இருக்கும்.

அண்ணாவுக்கு என் வணக்கங்கள். பாப்பா உங்கள் இருவருக்கும் ஆளுக்கொரு முத்தம் தருகிறாள்.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
தம்பி மனைவி

பி.கு.: முதல் தாளின் மூலையை எலி கடித்துவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். அந்த மூலை மேசையில் இருக்கிறது, உரித்துப் பார்த்தேன், வரவில்லை. மிச்சத் தாள் வந்தது, ஆனால் மை வரவில்லை என்பதால் அதே தாளில் திரும்ப எழுதியிருக்கிறேன். மேசையில் முதலில் உட்கார்ந்தது பாப்பா இல்லை, நீங்கள் கேட்டதற்காக எழுதிய இந்தக் கடிதம், அதற்கு உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். “மரியாதைக்குரிய அண்ணிக்கு” என்பது மேசை நடுவில் இடவலம் மாறி, கண்ணாடியில் தெரிகிற எழுத்தாக, பளபளவென்று பதிந்திருக்கிறது. நீங்கள் எப்போது வந்து கேட்டாலும் மேசை யாருடையது என்பதில் இனிச் சந்தேகம் இருக்காது. வரும்போது ஒரு முகக்கண்ணாடி கொண்டுவந்தால் போதும்.