ஆடுகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவே

கரகண்டா,
ஜனவரி, கடுங்குளிர்

மதிப்பிற்குரிய சம்பந்தி தோலெகென் அவர்களுக்கு,

ஓரின்பாய் இரு கை நீட்டி எழுதுவது. தங்கள் ஆட்களும் ஆடு குதிரைகளும் சுகம்தானே? குளிர்காலத்துக்கென்று தாங்கள் அனுப்பிய குதிரைக்கறி வந்து சேர்ந்தது. கொழுப்பு குறைவில்லை, நன்றி. இங்கே எல்லோரும் நலம். தங்கள் மகளும் என் மருமகளுமான மக்பாலும் நலம், வசந்தத்தில் பிரசவம். அவளைப் பற்றித்தான் ஒரு புகார்.

சுரங்கத்து மின்நிலையத்திலிருந்து ஓய்வு பெற்று ஜன்னல் வழியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னைத் தன் ஆபீசில் சேர்த்துவிட்டது அவள்தான். வேலை இதுதான்: கம்ப்யூட்டர் ஃபைல் ஃபைலாக எழுதும், 'சேமித்தாயிற்று' என்று திரையில் வந்ததும் நான் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், பிறகு மறுபடி உயிர் கொடுத்து, சேமித்ததாகச் சொன்னதெல்லாம் உள்ளே அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மின்சாரம் போகாமல் ஆயுள் முழுக்கக் காவல் காத்தவனுக்கு அதைப் போக்கடிக்கச் சம்பளம், வேடிக்கைதானே? இதெல்லாம் எங்கள் பிரசவ ஆஸ்பத்திரிக்காக. தாய்மார்களின் ரத்த வகை முதற்கொண்டு இதில்தான் இருக்கப் போகிறது, மக்பாலுடையதும் சேர்த்து. அறிக்கையில் சுவிட்சை இறக்கியவர் பெயர் எழுத ஒரு கட்டம் உண்டு. மாமனார் பெயரைச் சொல்லக் கூடாதே, அதனால் 'எங்கள் வீட்டுப் பெரியவர்' என்று போட்டிருந்தாள். அவ்வளவு மரியாதை தெரிந்த பெண்தான் இப்படிச் செய்தாள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஓடுகிற ஒன்றை நிறுத்துமுன் ஆசி சொல்லாமல் எனக்குக் கை வராது. திரையில் எழுத்து வந்ததும் உள்ளங்கைகளை விரிப்பேன். மொத்த ஆபீசும் வேலையைப் போட்டுவிட்டு விரிக்கும். வழி திறக்கட்டும், அடுப்பு அணையாதிருக்கட்டும், ஆடுகள் பெருகட்டும், பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடட்டும் என்று முடித்து, முகத்தைத் தடவிக்கொண்டுதான் சுவிட்ச். ஒரு தடவைகூட ஒரு எழுத்து காணாமல் போனதில்லை. முதலாளி தாவ்ரென் பூரித்துப்போய், அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் ஒப்படைத்துவிடலாம் என்றான். மக்பால் மட்டும் நான் இல்லாத நேரத்தில் தனியாக இழுத்துப் பார்த்து, போச்சு போச்சு என்று வந்து நின்றாள். "அவர் இழுத்தா இருக்கு, நீ இழுத்தா காணோம். மெஷின்ல கோளாறா, உன் கைல கோளாறா?" என்று அவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் நான் ஆடுகள் வரைக்கும்தான் வந்திருந்தேன், இவள் பாட்டுக்கு எட்டிச் சுவிட்சை இறக்கிவிட்டாள் சம்பந்தி. ஆசிக்கு நடுவில்! விரித்த கைகளை மடக்குவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் நிற்கிறார்கள்.

"ஏம்மா, இன்னும் முடிக்கலையே," என்றேன்.

அவள் தரையைப் பார்த்தபடியே, "கரண்ட் போறப்ப உங்களக் கேட்டுட்டா போகும், மாமா?" என்றாள்.

கம்ப்யூட்டரை எழுப்பினோம். ஃபைலின் பெயர் இருக்கிறது, உள்ளே காலி. பிரித்துப் பார்த்தால் வெறும் உறை.

கோபம் கோபமாகத்தான் வந்தது, ஆனால் ஃபைலில் இருந்தது எங்கே போயிற்று என்று தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஆசியை மறுபடி மறுபடி சொல்லிப் பார்த்தேன். அடுப்போடு நிறுத்தினால் இல்லை. ஆடுகளோடு நிறுத்தினால் இல்லை. பேரப்பிள்ளைகள் வரைக்கும் போனால் எல்லாம் பத்திரம். கதை இதுதான்: பாவி மெஷின் 'சேமித்தாயிற்று' என்று வாயால் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் கையிலேயே வைத்துக்கொண்டு, ஆடுகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் எங்கேயோதான் உள்ளே இருக்கிற டிஸ்க்கில் எழுதுகிறது. என் ஆசி அதற்கு அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது, வேறொன்றுமில்லை. பிரசவ அறையில் விளக்கு அணைந்தால் அங்கே யார் நின்று ஆசி சொல்வார்கள் என்று நினைத்தேன். தாவ்ரென் ஒப்படைப்பைத் தள்ளிவைத்தான்.

ஆனாலும் பெரியவன் ஆசியை வெட்டியது வெட்டியதுதான். சம்பந்தி என்ற முறையில் தாங்கள் அவளைக் கண்டிக்க வேண்டும். அதுவரை அந்த ஆபீஸ் வாசலை நான் மிதிப்பதாக இல்லை.

தங்கள் கூரைக்குக் கீழே சிரிப்பு தங்கட்டும், குதிரைகள் பனியைத் தாங்கட்டும். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் ஓரின்பாய்

பி.கு.: மக்பால் கோளாறைச் சரிசெய்து, அந்தக் கம்ப்யூட்டரை வீட்டுக்கே தூக்கிவந்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அதில்தான் தட்டினேன். 'சேமித்தாயிற்று' என்று வந்த அந்தக் கணமே, அவளைக் கேட்காமல், ஆசியும் சொல்லாமல், பிளக்கைப் பிடுங்கினேன். புகாராவது போயிருக்கும் என்று ஒரு நப்பாசை. ஒரு எழுத்துகூடப் போகவில்லை. ஆகவே இதைப் புகாராக எடுத்துக்கொள்ளாமல், தங்கள் மகள் வேலையின் சான்றாக வைத்துக்கொள்ளவும். கண்டிக்க வேண்டாம். காலையில் நானும் ஆபீசுக்குப் போகிறேன். பிடுங்கிய பிளக்கைக் கீழே வைத்துவிட்டு, பாக்கியிருந்த ஆசியை இந்தத் தடவை அவளுக்கே சொன்னேன், பேரப்பிள்ளை வரைக்கும். கை விரித்து, முழுசாகக் கேட்டாள்.