கடல் அட்டைக்கு வீடு கிடைச்ச விதம்

ஒரு காட்டுல, பாதி நாள் தண்ணிக்குள்ளயே நிக்கிற அலையாத்திக் காட்டுல, தண்ணி வடிஞ்ச நேரத்துல ஒரு கடல் அட்டையும் ஒரு தரை நத்தையும் கியூவுல நின்னுச்சுங்க. புயல் வர்றதுக்குள்ள வீடில்லாத ஒருத்தருக்குப் பாறைப் பொந்து ஒதுக்குறாங்களாம். போன புயல்ல அலை உருட்டிட்டுப் போன அட்டைக்கு ஊர் திரும்ப ஏழு மாசம் ஆச்சு. அதனால அதுதான் மொத ஆளு.

நத்தை பேச்சுக் குடுத்துச்சு. "உங்களுக்கும் எலும்பு இல்ல, எனக்கும் இல்ல. நீங்களும் மெதுவு, நானும் மெதுவு. நாம ரெண்டு பேரும் ஒண்ணுதாண்ணே."

"முதுகுல என்னப்பா அது?"

"இதுவா. சும்மா, பூர்வீகம்."

கவுன்டர்ல நண்டு கிளார்க்கு. ஒரு கண்ணு ஃபாரத்து மேல, இன்னொரு கண்ணு டீ மேல.

"வீட்டு முகவரி?"

"வீடில்லைங்க சார். அதுக்குத்தான் வந்தேன்."

"வீடில்லைன்னு யாரு சொன்னா?"

"நான்தாங்க."

"எங்கேருந்து சொல்ற? அந்த முகவரியப் போடு."

அட்டைக்குப் பதறிப்போச்சு. பயந்தா குடலை வெளிய தள்ளிடறது அது வழக்கம், அப்புறம் மெதுவா வளந்துக்கும். தள்ளிருச்சு, கவுன்டர் மேலயே.

நண்டு கொடுக்கால தூக்கிப் பாத்துச்சு. "ஒரிஜினல் சரி. ரெண்டு ஜெராக்ஸ் எங்க?"

"திரும்ப வளர மாசக்கணக்கா ஆகுங்க."

"வளந்ததும் வா. அடுத்தது யாரு?"

நத்தை முதுகைத் திருப்பிக் காட்டுச்சு. முகவரி, கூரை, வாசல், எல்லாம் கச்சிதம். சீல் விழுந்துச்சு.

ஆனா பொந்து கடலுக்கடியில. நத்தைக்கு உப்புத்தண்ணி பட்டா உசுரு போயிரும். மறுநாளே நோட்டீஸ்: ஆய்வுக்கு வர்றோம், ஆள் குடியில்லைன்னா ஒதுக்கீடு ரத்து.

நத்தை கரையில நின்னு கூப்பிட்டுச்சு. "அண்ணே, புயல் வேற வருது. நீங்க உள்ள இருந்துக்கங்க. கேட்டா நத்தைன்னு சொல்லிருங்க."

"முதுகுல ஒண்ணும் இல்லையேப்பா."

"அதெல்லாம் யாரு பாக்குறா."

ஆய்வுக்கு வந்த நண்டு பாத்துச்சு, மூஞ்சிய இல்ல, முதுகை. "பேரு?"

"நத்தைங்க."

"ஓடு எங்க?"

அட்டைக்குப் பயம் வந்துச்சு. ஆனா தள்ளுறதுக்கு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. அதனால பதில்தான் வந்துச்சு. "அத வாடகைக்கு விட்டிருக்கேங்க."

நண்டு 'சொந்த வீடு ரெண்டு'ன்னு எழுதிக்கிச்சு. நேத்து வரைக்கும் வா, போன்னு பேசின வாயி, "அப்ப நான் வரட்டுங்களா சார்"னு கேட்டுச்சு.

அன்னைக்குப் புயல் அடிச்சுது. அட்டை அசையல.

நீதி: வீடு வேணும்னா வீடில்லாதவனாப் போயி நிக்காதீங்க. ரெண்டு வீட்டுக்காரனாப் போங்க, உக்கார நாற்காலியும் தருவாங்க.