குத்தகைக்கு ஓர் அப்பாவி

நெட்டப்பாக்கத்துக்காரரும் கையை விரித்துவிட்டார். டேனியலுக்கு அது நான்காவது தோல்வி.

ஆடி முடிவதற்குள் குத்தகைக்கு நிலம் கிடைக்காவிட்டால் தன் அண்ணனின் டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்விட வேண்டும் என்று மனைவி ரோஸ்லின் கெடு வைத்திருந்தாள். இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. வில்லியனூர்ப் பக்கத்தில் டேனியலின் அம்மா நாற்று நடாத வயல் கிடையாது. அதில் ஒரு பிடி நெல்கூட அவர்களுடையதாக விளைந்ததில்லை. ஒரு போகமாவது 'என் பயிர்' என்று சொல்லிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் அவன் கம்பெனி வேலையை விட்டிருந்தான்.

முதல் இரண்டு இடங்களுக்கு பேண்ட் சட்டையோடு பைக்கில் போனான். மனை போட வந்தவன் என்று நினைத்து, சோடா உடைத்துக் கொடுத்து, ஊர் உலகத்தில் இல்லாத விலை சொன்னார்கள். குத்தகை என்றதும் சோடா பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

சரி, விவசாயி மாதிரியே போவோம் என்று மூன்றாவது இடத்துக்குக் கைலியும் துண்டுமாகப் போனான். மண்ணை அள்ளி நசுக்கிப் பார்த்து, துத்தநாகச் சத்து போதவில்லை என்றான். நிலக்காரர் மிரண்டுபோனார்.

"இவ்ளோ தெரிஞ்சவன் உள்ள பூந்தா வெளிய வருவியா? எங்க சித்தப்பா நெலத்துல பூந்தவன் பேரப்புள்ளயே எடுத்துட்டான்பா. இன்னும் அங்கதான் கீறான்."

அந்தப் பயத்தையும் போக்கிவிடலாம் என்று, ஒரே வருடத்தில் காலி செய்வதாக முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு நெட்டப்பாக்கம் போனான். தாளைப் பார்த்ததும் அந்த மனிதர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். வாய்ப்பேச்சில் இருந்தால் குத்தகை, தாளில் ஏறினால் கோர்ட்டு என்பது அவர் கண்ட உண்மை. நிலத்தில் முள் முளைக்கலாம், பாம்பு குடியிருக்கலாம். உழுகிறவன் பெயர் மட்டும் எதிலும் ஏறிவிடக் கூடாது.

திரும்பி வரும் வழியில்தான் டேனியலுக்குப் புத்தி வந்தது. இவர்கள் தேடுவது விவசாயியை அல்ல. விவசாயமே வராதவனை, வந்த வழியே ஓடிப்போகிறவனை.

மறுநாள் பாகூரில் கண்ணையன் என்ற நிலக்காரரைப் பார்க்கப் போனபோது கறுப்புக் கண்ணாடி, தொப்பி, விலைச்சீட்டு கிழிக்காத கம் பூட்ஸ் எல்லாம் போட்டிருந்தான். ஏரிப் பாசனத்தில் ஒன்றரைக் காணி நிலம். பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வயலில் சொர்ணவாரிப் பருவத்து நெல் கதிர் முற்றி நின்றது. டேனியல் அதைச் சுட்டிக்காட்டினான்.

"இது இன்னா செடிண்ணே?"

அம்மா காதில் விழுந்திருந்தால் துடைப்பத்தை எடுத்திருப்பாள். கேட்ட அவனுக்கே வெட்கம் பிடுங்கித் தின்றது.

கண்ணையன் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"நெல்லுப்பா."

"அரிசி இதுலேருந்துதான் வருதா?"

அதற்குமேல் அவர் நிற்கவில்லை. தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்துப் போய், மனைவி கஸ்தூரியிடம் காபி போடச் சொன்னார். எத்தனை நாள் செய்வதாக உத்தேசம் என்று மெல்ல விசாரித்தார். சனி ஞாயிறு மட்டும் வருவதாகவும், அலுத்துவிட்டால் விட்டுவிடுவதாகவும் டேனியல் சொன்னான். எழுத்து என்று இருவருமே வாய் திறக்கவில்லை. வெற்றிலைமேல் முன்பணம் வைத்துக் கொடுத்ததோடு காரியம் முடிந்தது.

ஊர் திரும்பும்வரை டேனியலுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பழுத்த மனுஷனை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் விடிந்ததும் வேஷத்தைக் கலைத்துவிட்டு, கைலியை மடித்துக் கட்டி, மண்வெட்டியோடு இறங்கினான். நேற்று நடிப்பு மும்முரத்தில் பார்க்காததெல்லாம் இன்று கண்ணில் பட்டது. சுற்றிலும் புதுக் கம்பிவேலி. மூலையில் ஆழ்துளைக் கிணறு. அதன் மோட்டார் மட்டும் மேலே கூரையில்லாமல் வெயிலில் கிடந்தது. இவ்வளவு வசதியும் தனக்கென்று காத்திருந்ததை நினைத்து அவனுக்குக் கண் கலங்கியது.

கண்ணையன் வீட்டில் பல வருடமாக வேலை செய்யும் செங்கமலம் வேலியோரம் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாளை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இந்த வருசத்து சாரு நீங்கதானா?"

"வருசத்து சாரா? இன்னாக்கா சொல்ற?"

"மொத சாரு வேலி போட்டுட்டு ஓடுனாரு, போன வருசத்து சாரு போரு போட்டுட்டு ஓடுனாரு; 'நெல்லையே இன்னா செடின்னு கேக்கறவன் கெடைச்சிருக்கான், மோட்டாருக்குக் கொட்டா கட்டிட்டுதான் ஓடுவான்'னு அய்யாவுக்கு நேத்துலேருந்து ஒரே சந்தோசம்."