நீர்ப்பட்டியல் மீட்பு வைபவம்

உலக நாகரிகம் எகிப்தில் தொடங்கியதாகச் சிலர் எழுதுகிறார்கள். பாவம், அவர்கள் கல்முனைக்கு வந்ததில்லை. அது 1985ஆம் ஆண்டுச் சிறுபோகத்தில், எங்கள் நீர்ப்பங்கீட்டுச் சங்கத்துக்குக் கணனி வந்த அன்றுதான் தொடங்கியது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நாவிதன்வெளி, வீரமுனைப் பக்கத்து வயல்களில் எவருக்கு எப்போது தண்ணீர் என்ற பட்டியல் முழுவதும் கணனிக்குள் போயிற்று. பழைய காகிதப் பதிவுகளை, தேநீரும் வட்டிலப்பமும் கொடுத்து, ஒரு வைபவம் வைத்து எரித்தோம். அதற்காக எங்களை முன்யோசனை இல்லாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். பட்டியலை, பாட்டுக் கேட்கும் ஒரு கசெற்றில் ‘முழுப் பிரதி’யாகப் பதிந்துகொண்டோம். சங்கக் கந்தோர் தீப்பிடித்தாலும் அது பிழைக்க வேண்டுமென்று தலைவர் ஜவுபர் அதைத் தன் வீட்டு அலுமாரியில் பத்திரப்படுத்தினார்.

பயிர் கதிர் தள்ளுமுன் குடலைப் பருவத்தில் நின்றபோது ஒருநாள் மின்சாரம் போனது. திரும்பி வந்தபோது கணனி எல்லாவற்றையும் மறந்து, பச்சைக் குழந்தைபோல் விழித்தது.

வீரமுனை வேலப்போடி ஓடி வந்தார்.

“ஐயா, ஒரே ஒரு தண்ணி கிடைச்சாக் காணும். மதகத் திறந்து உடுங்க. இந்த வயல்தான் எங்கட வருசச் சோறு.”

“பட்டியல் இல்லாம எப்பிடித் திறக்கிற, வேலப்போடியண்ண?”

“என்ட வயல் எங்க கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

“எனக்குத் தெரியும். கொம்பியூட்டருக்குத் தெரியாதே!”

இவ்வளவு நியாயமான பதிலை எதிர்பாராத அவர் மதகடிக்குத் திரும்பிப் போனார்.

உடனே ‘மீட்புக் குழு’ அமைத்தோம். பசாரில் றேடியோ திருத்தும் காலிதீன் தொழில்நுட்ப ஆலோசகரானார். கசெற்றைப் போட்டோம். றெக்கோடரோடு வயரால் பொருத்தியிருந்த கணனி ‘பிழை’ என்றது. காலிதீன் ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரால் தலையைத் துடைத்தார், றெக்கோடரின் தலையைத்தான். பிழை. வயரை மாற்றினார். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். அப்போதும் பிழை.

“தலைவர், றேடியோவில போட்டுக் கேட்டுப் பாப்பமா?” என்றார் காலிதீன்.

“சங்கத்திட ரகசியத்தக் காதால கேக்கிறதா?”

காதால் கேட்கலாம் என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றிய பிறகு கேட்டோம். கணனியின் பாஷை கிறீச்சென்று இருக்கும் என்று காலிதீன் எச்சரித்திருந்தார். வந்ததோ நல்ல தமிழ்.

“தம்பி, றாஹிலா றாத்தா கதைக்கிறன். உம்மாட கால் வீக்கம் இப்ப கொறவு. உங்கட மச்சான் ஊட்டுல ஒரு துரும்பையும் தூக்கிறல்ல. கொம்பியூட்டர் கொம்பியூட்டரெண்டு திரியிறாரு. வரக்குள்ள ரெண்டு போர்வ கொண்டுவா, மனே...”

றாஹிலா தலைவரின் மனைவி; அவருடைய தம்பி றியாத்தில் வேலை செய்கிறார். றியாத்திலிருக்கும் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரார் அப்போது கடிதம் எழுதுவதில்லை. பேசிப் பதிந்து கசெற்றாக அனுப்புவார்கள். அலுமாரியில் ஒரே மாதிரி இரண்டு கசெற் இருந்திருக்கின்றன. பார்சலில் பறந்தது எங்கள் முழுப் பிரதி.

“நிப்பாட்டுடா!” என்று கத்தினார் தலைவர். ஆனால் ‘முழுமையாக மீட்பது’ என்பதே தீர்மானம். ஆகவே இரண்டு பக்கமும் கேட்டோம்.

றியாத்துக்குத் தந்தி போனது. வாய்க்காலில் தண்ணீர் முட்டி நின்றது. பட்டியலில் இல்லாத ஒரு சொட்டும் கசியக் கூடாதென்று மதகுக்குக் காவல் போட்டோம். வேலப்போடி அங்கேயே குந்திக்கொண்டிருந்தார். “தண்ணிய கண்ணுக்கு முன்னால வெச்சிக்கிட்டுப் பயிரச் சாகடிக்கிறீங்களே, வயிறு எரியிது” என்றார். அவருக்கு நவீன நிருவாகம் புதிது.

ஒருவழியாக, விடுமுறையில் வந்த ஒருவரிடம் தம்பி கசெற்றைக் கொடுத்தனுப்பினார். கூடவே தொண்டை மருந்தும் வந்தது. அந்தக் கிறீச்சொலியைக் கேட்டு, றாத்தாவுக்குப் பேச்சே போய்விட்டதென்று அழுதாராம்.

கசெற்றைப் போட்டோம். ஓர் எழுத்துப் பிசகாமல் பட்டியல் முழுவதும் திரும்பி வந்தது! கைதட்டினோம். தலைவர் கண்கலங்கினார். வேலப்போடியைக் கூப்பிட்டுத் திரையில் அவர் பெயரைக் காட்டினோம். நேரே ‘உடன் தண்ணீர் வழங்குக’ என்று இருந்தது.

அவர் திரையைப் பார்க்கவில்லை. மடியிலிருந்து ஒரு பிடி காய்ந்த பயிரை எடுத்துக் கணனிக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தலைவர், இதுக்கும் ஒரு முழுப் பிரதி எடுத்து வெச்சிருக்கீங்களா?”

தலைவர் மேசையை உடனே துடைக்கச் சொன்னார். கணனிக்குத் தூசி ஆகாது.