வள்ளலுக்கு ஓர் அடிக்குறிப்பு

யாரையும் புகழ்ந்து எழுத எனக்கு வராது. ஒரே ஒருமுறை முயன்றேன். அதில் என் படிப்பே போயிருக்கும்.

எழுபதுகளின் கடைசி. பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஆறாம் படிவத்துக்கு ஈப்போ போக வேண்டும். விடுதிக்குக் கட்ட அப்பாவுக்கு வழியில்லை. வரலாற்றுப் பாடத்தில் படித்த ஒன்றுதான் நம்பிக்கை. அந்தக் கால இத்தாலியில் அறிஞர்கள் பழைய கிரேக்க நூல்களை மொழிபெயர்த்து, குறிப்பெழுதி, பிரபுக்களுக்குக் காணிக்கையாக்குவார்களாம். பிரபுக்கள் அவர்களுக்குச் சோறு போடுவார்களாம்.

நூல் சுலபமாகக் கிடைத்தது. தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன அலமாரியில், கிரேக்கர் ஒருவர் விவசாயம் பற்றி எழுதியதன் ஆங்கிலப் பதிப்பு. (கிரேக்கத்தில் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்?) பிரபுவுக்குத்தான் பஞ்சம். கடைசியில் பக்கத்து ஊரான திரிங்காப்பில் மூன்று லோரி வைத்துக் காய்கறி அனுப்பும் முதலாளியைப் பிடித்தேன். முதல் பக்கத்தில் தன்னைப் பாராட்டி எழுதினால் விடுதிச் செலவு தன்னுடையது என்றார்.

மூன்று மாதம் மொழிபெயர்த்தேன். எதற்கும் ஆதாரம் காட்டுவதே அறிஞருக்கு அழகு என்று, அந்தப் பாராட்டுக்கும் அடிக்குறிப்பு போட்டேன்.

கோவில் மண்டபத்தில் அரங்கேற்றம். நல்ல குரல் என்பதால் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வாசித்தார். ஓர் எழுத்து விடக்கூடாது என்று நானே அவரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். (அவ்வளவு திமிர்.)

"கொடையில் மழைமேகத்தை நிகர்த்த எங்கள் வள்ளல்" என்று கிராணி முழங்கினார். கைதட்டல். முதலாளி மாலையைச் சரிசெய்துகொண்டார். கிராணி மூச்சு வாங்கிக்கொண்டு பக்கத்தின் அடிக்கு இறங்கினார்.

"குறிப்பு ஒன்று. கொடைக்கு ஆதாரம், திருவிழா அன்னதானத்துக்குத் தந்த பத்து முட்டைக்கோஸ். விசாரித்தவரை வேறு கிடைக்கவில்லை."

அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். என் ஈப்போ அவ்வளவுதான் என்று நினைத்தேன். முதலாளியின் மனைவி மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

முதலாளி எழுந்து வந்து, தாளை வாங்கி, விரல் வைத்துப் படித்தார்.

"பத்து இல்ல பாப்பா, ஏழுதான். எழுதுறத சரியா எழுதணும் லா."

முதலில் வாய்விட்டுச் சிரித்தவரும் அவர்தான். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஈப்போவுக்கு எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் கல்யாணத்துக்கு ஒரு லோரி முட்டைக்கோஸ் வந்தது. முதலாளியே கூட வந்திருந்தார். இறங்கியதும் வாழ்த்துகூடச் சொல்லவில்லை. "எண்ணிப் பார்த்து கீழ எழுதிக்க பாப்பா" என்றார்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது எனக்கு ஒரு காப்பி கலந்து கொடுத்தாலும், "கீழ எழுதிக்க" என்று சொல்லித்தான் நீட்டுகிறார்கள்.