இன்னும் ஒரு உதை

"இன்னும் ஒரு உதை உதைச்சுப் பாருப்பா" என்றார் நல்லசாமி, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து டீயை உறிஞ்சியபடி.

சிலம்பரசன் உதைத்தான். வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிப்போனது. கிக்கர் மட்டும் வேகமாகத் திரும்பி வந்து அவன் கெண்டைக்காலில் ஒரு போடு போட்டது.

"ஐயோ!"

"பெட்ரோலத் தொறந்தியா?"

"தொறந்துட்டேங்க மாமா."

பதினாறாவது பிளாக் குவார்ட்டர்ஸின் பின்பக்க ஷெட்டில், கோணியைப் போர்த்திக்கொண்டு பல வருஷம் தூங்கிய டூ ஸ்ட்ரோக் பைக் அது. ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்த புதிதில் நல்லசாமி வாங்கியது. சிலம்பரசன் அவருக்கு மருமகன். ஆனால் அதை அவர் வாயால் சொல்லி ஒருத்தரும் கேட்டதில்லை. மகள் கிருஷ்ணப்ரியா தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்ட பையன், உள்ளூர்க்காரன், போதாக்குறைக்கு காண்ட்ராக்ட் வேலை. பர்மனென்ட் மாமனாருக்குப் பொறுக்குமா? கல்யாணமாகி ஒரு வருஷம் அந்த வீட்டு வாசல் கதவே திறக்கவில்லை.

பிறகு ஒருநாள் திடீரென்று மகளுக்குப் போன் போட்டார். "அந்தப் பையனுக்குப் பழைய வண்டியெல்லாம் பாக்கத் தெரியுமாமா? வரச் சொல்லு."

அன்று முதல் ஞாயிறு தவறாமல் இருவரும் ஆஜர். கிருஷ்ணப்ரியா அம்மாவோடு அடுப்படியில், சிலம்பரசன் ஷெட்டில். வண்டி மட்டும் ஓடிவிட்டால் மனுஷர் ஒரே ஒரு தடவை 'மாப்ள' என்று கூப்பிட்டுவிட மாட்டாரா என்பதுதான் அவன் ஏக்கம். 'ஏப்பா', 'இந்தாப்பா' கேட்டுக் கேட்டு அவனுக்கு அலுத்துவிட்டது.

"கார்பரேட்டர்ல குப்ப அடச்சிக்கினு இருக்கும்ங்க மாமா."

கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினான். இப்போது பெட்ரோல் நிற்காமல் ஒழுகியது. அதை நிறுத்துவதற்குள் மத்தியானச் சாப்பாடு வந்துவிட்டது.

"அந்த பிளக்கக் கழட்டிக் குடு. பஜார்ல நம்ம மெக்கானிக் கொளஞ்சியப்பன்கிட்ட நானே போயி க்ளீன் பண்ணியாறேன்" என்று நல்லசாமி எழுந்தார்.

மாமனார் தன் கையால் உதவுகிறார்! சிலம்பரசனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இன்ஜினுக்கு நெருப்புப் பொறி கொடுக்கிற அந்த பிளக் பளபளவென்று வந்தது. மாட்டி உதைத்தான். அதுவரை இருமிக்கொண்டாவது இருந்த வண்டி, இப்போது மூச்சே விடவில்லை.

"ஆயில் பத்தாதாட்டம் இருக்குது" என்றார் நல்லசாமி. அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் அளவாகக் கலக்க வேண்டும். அவர் அளவெல்லாம் பார்க்கவில்லை, பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். தடுக்கிற தைரியம் எந்த மருமகனுக்கு வரும்?

அடுத்த ஞாயிறு சிலம்பரசன் தானே ஒரு புது பிளக் வாங்கி வந்து மாட்டினான். ஒரே உதை. வண்டி பிடித்துக்கொண்டது! ஆனால் புகை என்றால் புகை, அப்படியொரு புகை. தெருவில் படபடவென்று ஜன்னல்கள் சாத்தப்பட்டன.

"கொசு மருந்து அடிக்கறதுன்னா முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?" என்று எதிர்வீட்டு அம்சவல்லி ஓடி வந்தாள். "வடாம் காயப் போட்டுக்கினு இருக்கேன்!"

"இது வண்டிப் பொகைதான்க்கா... சைலென்சர்ல கரி அடச்சிருக்குது. இதோ, செரி பண்ணிடறேன்."

சைலென்சரைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டுக் கரியை எரித்தான். சும்மா இருந்திருக்கலாம். அது ஆறுகிற வரைக்கும் பொறுக்காமல், சைலென்சர் இல்லாத வண்டியை ஒரு உதை உதைத்தான். பிளாக்கே அதிர்ந்தது.

பக்கத்து வீட்டு நெடுமாறன் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தார். "நைட் ஷிப்ட் முடிச்சிட்டு இப்பதான்யா படுத்தேன்! மனுஷன் தூங்கறதா வேணாமா?"

"ஒரே நிமிஷம் சார், ஓட்டிப் பாத்துட்டு நிறுத்திடறேன்" என்று பதறிய சிலம்பரசன் கியரைப் போட்டான். ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டது. வண்டி அவனைத் தூக்கிக்கொண்டு ஷெட்டைத் தாண்டி, தெருவைத் தாண்டி, அம்சவல்லியின் வடாமின் நடுவே போய்ப் படுத்தது.

அம்சவல்லி பேசியதை இங்கே எழுத முடியாது.

மாமியார் தனபாக்கியம் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள். "ஆயுத பூஜைக்குள்ள இது ஒழுங்கா ஓடோணும். இல்லீன்னா காயலாங்கடையில போட்டுப்போடுவேன், ஆமா!"

நல்லசாமி டீ டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூஜைக்கு முந்தைய ஞாயிறு. டேங்கைக் காலி செய்து சரியான அளவில் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றியாயிற்று. ஆக்சிலரேட்டர் கேபிள் புதிது. சைலென்சர் சுத்தம். சிலம்பரசன் குலசாமியை வேண்டிக்கொண்டு உதைத்தான்.

ம்ஹூம்.

"இன்னும் ஒரு உதை" என்றார் நல்லசாமி, ரொம்பப் பொறுமையாக.

உதைத்து உதைத்து அவனுக்கு முட்டி கழன்றதுதான் மிச்சம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கையைத் துடைத்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் நேராக பஜாருக்குப் போய், கொளஞ்சியப்பனின் கடை வாசல் டயர் மேல் உட்கார்ந்தான்.

"என்னால முடியலண்ணா. காயலாங்கடைக்கே போவட்டும். மாமா ஆசையா வெச்சிக்கினு இருந்த வண்டி. இனிமே எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அந்த வூட்டுப் படி ஏர்றது?"

கொளஞ்சியப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் கல்லா மேசையைத் திறந்து, அவன் வாங்கி மாட்டிய அதே புது பிளக்கை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

"'வண்டி ஓடிட்டா எங்க மாப்ள எந்தச் சாக்குல ஞாயித்துக்கெழமை வருவாரு'ன்னு சொல்லிக்கினு, நல்ல பிளக்க இங்க வெச்சிட்டு செத்த பிளக்கா பாத்து வாங்கிக்கினு போறதே உங்க மாமாதான் தம்பி!"